ரிலேயிடம் முதலில் கேளுங்க, பிறகு மாத்துங்க

(எபிசோடின் ஒலிவடிவத்தைப் படிப்பதற்கு ஏற்றபடி திருத்திய எழுத்து வடிவம்)

சப்-ஸ்டேஷனிலும் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கிறவர்களுக்கான எபிசோடு இது. படிப்பை முடித்துவிட்டு இந்தத் துறைக்கு வரப்போகிறவர்களும் தாராளமாகக் கேட்கலாம். பாதுகாப்பு ரிலேயின் சீரியல் போர்ட்டில் லேப்டாப்பை மாட்டி, கட்டளை டைப் செய்து, அதோடு நேரடியாகப் பேசுவது எப்படி? இன்றைக்கு அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

"எல்லாத்துக்கும்தான் மென்பொருள் வந்துடுச்சே, இன்னும் எதுக்குக் கறுப்புத் திரையில டைப் அடிக்கணும்?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான். மென்பொருளில் நீங்கள் பார்க்கும் செட்டிங் பல நேரம் உங்கள் லேப்டாப்பில் சேமித்து வைத்த கோப்பில் உள்ள செட்டிங். ரிலேக்குள் இருப்பதும் அதேதானா என்பது வேறு கேள்வி. சீரியல் போர்ட்டில் ஒரு கட்டளை கொடுத்தால், பதில் சொல்வது ரிலே மட்டும்தான். இன்னொரு விஷயம், ராத்திரி இரண்டு மணிக்கு ஃபீடர் டிரிப் ஆகி நிற்கும்போது, கையில் இருக்கும் லேப்டாப்பில் அந்த மென்பொருளே இல்லாமல் போகலாம். ஒரு சாதாரண டெர்மினல் புரோகிராம் எதிலும் கிடைக்கும்.

புதிதாகக் கேட்பவர்களுக்கு இரண்டு வரி. லைனில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும். அதை சி.டி., அதாவது கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ஆம்பியர் அல்லது ஐந்து ஆம்பியர் அளவுக்குக் குறைத்து ரிலேக்குக் கொடுக்கும். ரிலே அதை அளந்து, வைத்த எல்லையைத் தாண்டினால் பிரேக்கருக்கு டிரிப் கட்டளை அனுப்பும். ரிலே பார்ப்பது இந்தக் குறைத்த கரன்ட்டை மட்டும்தான். இதை மனசுல வச்சுக்குங்க. இன்றைய கதை முழுக்க இதைச் சுற்றித்தான்.

எடுத்துக்காட்டுக்கு எஸ்.இ.எல். 351 ரிலேயை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் புல்மன் ஊரில் எட்மண்ட் ஷ்வைட்சர் தொடங்கிய நிறுவனம் அது. 1984-ல் வந்த அவர்களுடைய எஸ்.இ.எல். 21, டிஜிட்டல் ரிலேக்களின் முன்னோடிகளில் ஒன்று. வெறும் எழுத்துக் கட்டளைகளால் ரிலேயோடு பேசும் பழக்கம் அந்தக் குடும்பத்தில் தொடர்ந்து வருகிறது. ஒரு மாடலில் கற்றுக்கொண்டால் அதே குடும்பத்தில் மற்றவற்றிலும் பெரும்பாலும் கை ஓடும். மற்ற நிறுவனங்களின் ரிலேயில் கட்டளை வேறாக இருக்கும், ஆனால் வேலை செய்யும் முறை ஒன்றுதான்.

இணைப்பு

முன்பக்கத்தில் ஒன்பது பின் போர்ட் இருக்கும். இப்போதைய லேப்டாப்பில் சீரியல் போர்ட் கிடையாது, அதனால் யு.எஸ்.பி.-யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் அடாப்டர் தேவை. கேபிளில்தான் பலரும் மாட்டிக்கொள்வார்கள். ரிலேயின் இரண்டாவது பின் கேட்கிற பின், மூன்றாவது பின் பேசுகிற பின். லேப்டாப் பக்கமும் அப்படியேதான். அதனால் இரண்டும் மூன்றும் குறுக்காக இணைந்த கேபிள் வேண்டும், ஐந்தாவது பின் இரண்டு பக்கமும் பொது. கடையில் கிடைக்கும் நேர் கேபிளை மாட்டினால், இரண்டு பேரும் ஒரே கம்பியில் பேசி, இரண்டு பேரும் ஒரே கம்பியில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். திரையில் ஒன்றும் வராது. பின்பக்கப் போர்ட்டுகளில் மீதிப் பின்களில் நேர சிக்னலும் ஐந்து வோல்ட்டும் வரும் வாய்ப்பு உண்டு. அங்கே எல்லாப் பின்னும் இணைந்த கேபிளை மாட்டாதீங்க.

வேகம் பழைய மாடல்களில் 2400, புதியவற்றில் 9600. எட்டு டேட்டா பிட், பேரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். திரையில் குப்பை எழுத்தாக வந்தால் கேபிள் சரி, வேகம் தப்பு என்று அர்த்தம். எதுவுமே வரவில்லை என்றால் முதலில் கேபிளைப் பாருங்க. யாராவது வேகத்தை மாற்றி வைத்திருந்தால், ரிலேயின் முன்பக்கப் பொத்தான்களிலேயே அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

என்டர் தட்டினால் ஒரு சமக்குறி, "=" என்று வரும். ரிலே தயார்.

மூன்று வாசல்

கட்டளைகளை எழுத்து எழுத்தாகச் சொல்கிறேன். முதல் மூன்று எழுத்தே ரிலேக்குப் போதும்.

"=" என்று இருக்கும்போது நீங்கள் வெளித் திண்ணையில் நிற்கிறீர்கள். ஏ-சி-சி கொடுத்து முதல் பாஸ்வேர்டு கொடுத்தால் "=>" என்று மாறும். இது பார்க்கும் நிலை. அளவுகள், செட்டிங், பழைய நிகழ்வுகள் எல்லாவற்றையும் படிக்கலாம், செட்டிங் எதையும் மாற்ற முடியாது. பி-ஏ-சி கொடுத்தால் "==>" என்று வரும், அது பிரேக்கரை இயக்கும் நிலை. 2-ஏ-சி கொடுத்து அதன் பாஸ்வேர்டையும் கொடுத்தால் "=>>", இங்கேதான் செட்டிங் மாற்ற முடியும்.

என் பழக்கத்தைச் சொல்றேன். பத்து வேலையில் ஒன்பது வேலை "=>" நிலையிலேயே முடிந்துவிடும். காரணம் இல்லாமல் உள்ளறைக்குப் போகவே மாட்டேன். வேலை முடிந்ததும் க்யூ-யு-ஐ கொடுத்து வெளித் திண்ணைக்கு வந்துவிட்டுத்தான் கேபிளைக் கழற்றுவேன்.

முதலில் கேட்க வேண்டியவை

உள்ளே போனதும் ஐ-டி கொடுங்க. மாடல், உள்ளிருக்கும் மென்பொருளின் பதிப்பு எல்லாம் வரும். ஒவ்வொரு பதிலுக்கும் மேலே ரிலேயின் பெயரும் சப்-ஸ்டேஷன் பெயரும் தேதியும் நேரமும் அச்சாகும். அதைப் படிக்காமல் கடந்து போகாதீங்க. ஒரே மாதிரி எட்டு பேனல் வரிசையாக நிற்கும் இடத்தில், தப்பான ஃபீடரின் ரிலேக்குள் உட்கார்ந்திருக்கிறோமா என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடும்.

அடுத்தது எஸ்-டி-ஏ. ரிலே தன்னைத் தானே பரிசோதித்துக்கொண்ட அறிக்கை. மின்வழங்கியின் வோல்ட்டேஜ், நினைவகம், உள்வெப்பம் எல்லாம் இருக்கும். எந்த எண்ணுக்குப் பக்கத்திலாவது எச்சரிக்கைக்கான டபிள்யூ அல்லது பழுதுக்கான எஃப் எழுத்து இருந்தால், மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதை முதலில் பாருங்க.

மூன்றாவது எம்-இ-டி. இதுதான் தங்கம். மூன்று ஃபேஸ் கரன்ட், வோல்ட்டேஜ், அவற்றின் கோணம், பவர் எல்லாம் வரும். வெறும் ஆம்பியரை மட்டும் பார்க்காதீங்க. ஏ ஃபேஸ் கரன்ட்டிலிருந்து பி ஃபேஸ் 120 டிகிரி பின்னாலும், சி ஃபேஸ் 120 டிகிரி முன்னாலும் இருக்க வேண்டும். கீழே 3ஐ0, 3ஐ2 என்று இரண்டு எண் இருக்கும். சமமான லோடில் இரண்டும் கிட்டத்தட்ட பூஜ்யம். லோடு 150 ஆம்பியர் இருக்கும்போது இரண்டுமே 300 காட்டினால், ஒரு சி.டி.யின் முனைகள் தலைகீழாக இணைந்திருக்கிறது. 3ஐ0 பூஜ்யமாக இருந்து 3ஐ2 மட்டும் 450 காட்டினால், இரண்டு ஃபேஸ் இடம் மாறியிருக்கிறது. ஒரு வயரைக்கூடத் தொடாமல் இவ்வளவும் தெரிந்துவிடும்.

பிறகு எஸ்-ஹெச்-ஓ, உள்ளே இருக்கும் செட்டிங் முழுக்க வரும். எஸ்-ஹெச்-ஓ எல் கொடுத்தால் லாஜிக், எஸ்-ஹெச்-ஓ ஜி கொடுத்தால் பொது செட்டிங். ஜி-ஆர்-ஓ கொடுத்தால் எந்த செட்டிங் குழு இப்போது நடப்பில் இருக்கிறது என்று சொல்லும். 351-ல் ஆறு குழு உண்டு. மூன்றாம் குழு நடப்பில் இருக்கும்போது முதல் குழுவை மாற்றிவிட்டு, "மாத்திட்டேன், ஆனா ஒண்ணும் ஆகலையே" என்றால் ரிலே மேல் தப்பில்லை.

டெர்மினல் புரோகிராமில் திரையில் வருவதையெல்லாம் கோப்பில் பதிவு செய்யும் வசதி இருக்கும். முதல் கட்டளைக்கு முன்பே அதை ஓட விடுங்க. மாற்றுவதற்கு முன் ரிலே எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

மீட்டர் சரி, பாதுகாப்பு தப்பு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். ஒரு 11 கிலோவோல்ட் ஃபீடரை எடுத்துக்கொள்வோம். கேபிள் தாங்கும் அளவு 250 ஆம்பியர். சி.டி.யில் 200-க்கு 1, 400-க்கு 1 என்று இரண்டு டேப் இருக்கிறது. இதுவரை 200-க்கு 1-ல் இருந்தது. ரிலேயில் சி-டி-ஆர் என்ற செட்டிங் 200. டைம் ஓவர்கரன்ட்டின் பிக்கப், அதாவது 51-பி-பி, 1.00 ஆம்பியர். லைனில் 200 ஆம்பியர் தாண்டினால் ரிலே எண்ணத் தொடங்கும். எல்லாம் சரி.

நாளைக்கு லோடு கூடும் என்று சி.டி.யை 400-க்கு 1 டேப்புக்கு மாற்றுகிறார்கள். லைனில் ஓடுவது 150 ஆம்பியர். ரிலேக்கு முன்பு 0.75 ஆம்பியர் வந்தது, இப்போது 0.375 வருகிறது. எம்-இ-டி கொடுத்தால் 75 ஆம்பியர் என்று காட்டும். "மீட்டர் பாதி காட்டுதே" என்று யாரோ சி-டி-ஆரை 400 ஆக்குகிறார். எம்-இ-டி 150 காட்டுகிறது. எல்லாருக்கும் திருப்தி. பேனலை மூடிவிட்டுப் போகிறார்கள்.

ஆனால் 51-பி-பி இன்னும் 1.00தான். இந்த ரிலேயில் பிக்கப் என்பது சி.டி.க்குப் பின்னால் வரும் குறைத்த ஆம்பியரில் கொடுக்கப்படுகிறது. சி-டி-ஆர் எண் திரையில் காட்டுவதற்கும் அறிக்கைக்கும் மட்டும்தான், டிரிப் முடிவில் அதற்குப் பங்கில்லை. இப்போது ரிலே எண்ணத் தொடங்கும் இடம் 400 ஆம்பியர். 250 ஆம்பியர் தாங்கும் கேபிளில் 390 ஆம்பியர் மணிக்கணக்கில் ஓடினாலும் ரிலே வாய் திறக்காது. கேபிளின் இன்சுலேஷன் உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கும்.

ஃபால்ட்டிலும் பாதிப்பு உண்டு. ஐ.இ.சி. ஸ்டாண்டர்டு இன்வர்ஸ் வளைவு, டைம் டயல் 0.10 என்று வைத்துக்குங்க. 2000 ஆம்பியர் ஃபால்ட் பழைய பிக்கப்புக்குப் பத்து மடங்கு, டிரிப் நேரம் 0.30 விநாடி. புதிய நிலையில் அது ஐந்து மடங்குதான், நேரம் 0.43 விநாடி. மேலே இருக்கும் இன்கமர் ரிலேயை இதே ஃபால்ட்டுக்கு 0.60 விநாடியில் டிரிப் ஆகும்படி வைத்திருந்தால், இரண்டுக்கும் நடுவில் இருந்த 0.30 விநாடி இடைவெளி 0.17 ஆகச் சுருங்கிவிட்டது. அந்த 0.17-க்குள் பிரேக்கரும் திறந்து முடிக்க வேண்டும். கொஞ்சம் மந்தமான பிரேக்கராக இருந்தால், ஒரு ஃபீடரில் வந்த ஃபால்ட்டுக்கு சப்-ஸ்டேஷன் முழுக்க இருண்டுவிடும்.

இதில் பயம் என்னவென்றால், மீட்டர் சரியாகக் காட்டுகிறது. தப்பு கண்ணுக்கே தெரியாது. எஸ்-ஹெச்-ஓ கொடுத்து, ஒவ்வொரு பிக்கப்பையும் சி.டி. விகிதத்தால் பெருக்கி, லைன் ஆம்பியரில் எழுதிப் பார்த்தால்தான் தெரியும். அதனால் சி.டி.யைத் தொட்டால் 51-பி-பியோடு நின்றுவிடாமல் எர்த் ஃபால்ட் பிக்கப், இன்ஸ்டன்டேனியஸ் பிக்கப் எல்லாவற்றையும், பயன்பாட்டில் உள்ள எல்லாக் குழுவிலும் பார்க்க வேண்டும்.

மாற்றும் முறை

மாற்றுவதற்கு முன் பணி அனுமதி, டெஸ்ட் பிளாக்கில் டிரிப் சர்க்யூட்டைப் பிரித்து வைப்பது, மேலே உள்ள பாதுகாப்பு நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பது, இந்த மூன்றும் முடிந்திருக்க வேண்டும். ஏன் என்றால், நடப்பில் உள்ள குழுவின் செட்டிங்கைச் சேமிக்கும் அந்தச் சிறு நேரத்தில் ரிலே பாதுகாப்பு வேலையை நிறுத்திவிடும். முன்பக்க விளக்கு அணைந்து எரியும், அலாரம் கான்டாக்ட் ஒரு முறை மாறும். கன்ட்ரோல் ரூமில் இருப்பவருக்கு முன்பே சொல்லிவிடுங்க.

"=>>" நிலையில் எஸ்-இ-டி 1 51-பி-பி என்று கொடுத்தால், முதல் குழுவில் நேராக அந்த செட்டிங்குக்கே போகும். பழைய எண்ணைக் காட்டிப் புதிய எண்ணைக் கேட்கும். 0.50 என்று கொடுங்க. மாற்ற வேண்டாத இடத்தில் என்டர் மட்டும் தட்டினால் பழையது அப்படியே இருக்கும். "^" கொடுத்தால் ஒரு படி பின்னால் வரும். முடிந்ததும் இ-என்-டி. ரிலே முழுப் பட்டியலையும் காட்டி, சேமிக்கவா என்று கேட்கும். அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு ஒய் அழுத்துங்க. குழப்பம் வந்தால் கன்ட்ரோல் எக்ஸ், எதுவும் மாறாமல் வெளியே வந்துவிடலாம்.

சேமித்ததோடு வேலை முடியவில்லை. மறுபடி எஸ்-ஹெச்-ஓ கொடுத்து, அனுமதி பெற்ற செட்டிங் தாளோடு வரிவரியாக ஒப்பிடுங்க. ஒருவர் படிக்க ஒருவர் டிக் செய்வது நல்லது.

பிறகு லாஜிக். எஸ்-ஹெச்-ஓ எல் கொடுத்து டி-ஆர் என்ற சமன்பாட்டைப் பாருங்க. டைம் ஓவர்கரன்ட் நேரம் முடிந்ததும் 51-பி-டி என்ற பிட் ஒன்றாகும். அந்தப் பெயர் டி-ஆரில் இல்லையென்றால், பிக்கப் எவ்வளவு சரியாக இருந்தாலும் டிரிப் வராது. அடுத்து, பிரேக்கரின் டிரிப் காயிலுக்கு வயர் போகும் அவுட்புட்டின் சமன்பாட்டில் டிரிப் பிட் இருக்க வேண்டும். பிக்கப், டி-ஆர், அவுட்புட் மூன்றும் சங்கிலி மாதிரி. ஒரு கண்ணி விட்டாலும் போச்சு.

கடைசியாக டெஸ்ட் கிட் வைத்துக் கரன்ட் கொடுத்துப் பாருங்க. டி-ஏ-ஆர் 51-பி என்று கொடுத்தால் அந்த பிட் பூஜ்யமா ஒன்றா என்று காட்டும். 0.50 ஆம்பியர் தாண்டும்போது அது ஒன்றாக வேண்டும். 5 ஆம்பியர் கொடுத்தால் 0.30 விநாடியில் டிரிப் வர வேண்டும். வந்தால், தாளில் எழுதியது, ரிலேயில் இருப்பது, நடப்பது மூன்றும் ஒன்று என்று நம்பிக்கையாகச் சொல்லலாம்.

டிரிப் ஆன பிறகு

ஃபீடர் டிரிப் ஆனால் முதலில் கை போக வேண்டியது ரீசெட் பொத்தானுக்கு அல்ல. ஹெச்-ஐ-எஸ் கொடுங்க. சமீபத்திய நிகழ்வுகளின் பட்டியல் தேதி, நேரம், கரன்ட்டோடு வரும். இ-வி-இ 1 கொடுத்தால் கடைசி நிகழ்வின் முழு அறிக்கை. ஒரு சைக்கிளுக்கு நான்கு வரி, 50 ஹெர்ட்ஸில் வரிக்கு 5 மில்லி விநாடி. எந்த ஃபேஸில் கரன்ட் முதலில் ஏறியது, எந்த எலிமென்ட் வேலை செய்தது என்று படம் போலப் படிக்கலாம்.

எஸ்-இ-ஆர் கொடுத்தால் பிட்டுகள் மாறிய வரிசை நேரத்தோடு வரும். இதில் எனக்குப் பிடித்த பயன்பாடு ஒன்று உண்டு. டிரிப் அவுட்புட் ஒன்றான நேரத்துக்கும், பிரேக்கர் திறந்துவிட்டது என்று துணைக் கான்டாக்ட் சொன்ன நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வைப்பது. புதிதில் 60 மில்லி விநாடி இருந்தது, இப்போது 110 என்றால், பிரேக்கரின் இயந்திர பாகம் இறுகிக்கொண்டு வருகிறது. ஃபால்ட்டில் மாட்டிக்கொள்வதற்கு முன்பே பராமரிப்புக்கு எடுத்துவிடலாம். ஆனால் ரிலேயின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். டி-ஐ-எம், டி-ஏ-டி இரண்டையும் கொடுத்து நேரத்தையும் தேதியையும் ஒவ்வொரு முறையும் சரிபாருங்க.

திறந்து கிடக்கும் வாசல்

தயாரிப்பிலிருந்து வரும்போது இருக்கும் பாஸ்வேர்டு கையேட்டிலேயே அச்சாகியிருக்கும். அதை மாற்றாத ரிலே, சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட வீடு மாதிரி. "யார் பேனல் வரைக்கும் வரப்போறாங்க?" என்று நினைக்கலாம். ஆனால் பல இடங்களில் பின்பக்க சீரியல் போர்ட் ஒரு கன்வர்ட்டர் வழியாக நெட்வொர்க்கோடு இணைந்திருக்கிறது. 2015 டிசம்பர் 23-ல் உக்ரைனில் மூன்று மின்வழங்கல் நிறுவனங்கள் மீது நடந்த தாக்குதலில் சுமார் 2,25,000 நுகர்வோர் இருளில் மூழ்கினார்கள். தாக்கியவர்கள் சப்-ஸ்டேஷன்களில் இருந்த இந்த மாதிரி சீரியல் கன்வர்ட்டர்களின் உள் மென்பொருளையும் அழித்து வைத்தார்கள். ஊழியர்கள் நேரில் போய்க் கையால் பிரேக்கரை இயக்க வேண்டி வந்தது.

அதற்கும் முன்பு, 2007-ல் அமெரிக்காவின் ஐடஹோ தேசிய ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். பிரேக்கரைத் தப்பான கணத்தில் திறந்து மூடும்படி ஒரு டிஜிட்டல் ரிலேயை ஆட்டுவித்தார்கள். 2.25 மெகாவாட் டீசல் ஜெனரேட்டர் ஒன்று குலுங்கி, புகைந்து, உடைந்தே போனது. காப்பாற்ற வைத்த கருவியே கெடுக்கும் கருவியானது. ஆகவே பி-ஏ-எஸ் கொடுத்துப் பாஸ்வேர்டை மாற்றுங்க. பார்க்கும் நிலைக்கும் மாற்றும் நிலைக்கும் வேறு வேறாக வையுங்க. பயன்படாத போர்ட்டை மூடி வையுங்க.

கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இந்த வாரம் ஒரு சின்ன வேலை. உங்கள் பொறுப்பில் இருக்கும் ஒரு ரிலேயில், உரிய அனுமதியோடு, "=>" நிலை வரைக்கும் மட்டும் போங்க. எஸ்-ஹெச்-ஓ கொடுத்து எல்லாப் பிக்கப்பையும் பதிவு செய்யுங்க. சி.டி.யின் பெயர்ப் பலகைக்கும் டேப்புக்கும் உரிய விகிதத்தால் பெருக்கி, கேபிள் தாங்கும் அளவுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்க. கால் மணி நேர வேலைதான். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகவில்லை என்றால், கேபிள் உங்களுக்குச் சொல்வதற்கு முன்பே ரிலே சொல்லிவிட்டது.

அடுத்த எபிசோடில் நிகழ்வு அறிக்கை ஒன்றை எடுத்து வரிவரியாகப் படிக்கலாம்.